அந்தத் தழும்பு எப்படி வந்தது?



எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் திருடன் ஒருவன் வரும் கதை எழுதச் சொல்லிப் பாருங்கள். அவனுடைய பெயர் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஊர் மாறும், களவு போன பொருளும் மாறும். ஆனால் பெரும்பாலான கொப்பிகளில் அவன் கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்! இதை எந்த ஆசிரியரும் படிப்பித்துக் கொடுப்பதில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும் கொடுத்த பாடம் இது. 1994 இல் வெளிவந்து உலகமெங்கும் ஓடிய 'லயன் கிங்' என்ற கார்ட்டூன் படத்தில், அண்ணனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கும் சிங்கத்துக்கு 'ஸ்கார்' என்று பெயர். தமிழில் சொன்னால் 'தழும்பு'. யாரை வெறுக்க வேண்டும் என்பது பெயரைக் கேட்டவுடனேயே பிள்ளைக்கு விளங்கிவிடும்.

இதற்கு எதிர்ப்புக் கிளம்பாமலும் இல்லை. முகத்தில் தழும்பும் தீக்காயமும் உள்ளவர்களுக்காகப் பாடுபடும் அமைப்பொன்று பிரித்தானியாவில் குரல் எழுப்பியது. அதன் பயனாக, கெட்டவனை அடையாளம் காட்டுவதற்குத் தழும்பைப் பயன்படுத்தும் படங்களுக்கு இனிப் பணம் கொடுப்பதில்லை என்று 2018 இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் அறிவித்தது. நல்ல காரியம்தான்.

அண்மைக் காலக் கதைகளில் தழும்புக்கு வேறொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். 1997 இல் முதல் புத்தகம் வெளிவந்த ஹரி பொட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனின் நெற்றியில் மின்னல் வடிவில் ஒரு வடு. தாய் தன் உயிரைக் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றிய இரவில் வந்தது அது. 2005 இல் தொடங்கிய 'அவதார்' என்ற கார்ட்டூன் தொடரில் ஓர் இளவரசன் வருகிறான். அவனுடைய ஒரு கண்ணைச் சுற்றித் தோல் வெந்து சுருங்கியிருக்கும். சுட்டவன் வேறு யாருமல்ல, பெற்ற தகப்பன்! வெறுப்புடன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தக் கதை தெரிய வந்ததும் கண் கலங்குகிறார்கள்.

இந்த இரண்டு வகைக் கதைகளுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. கதையில் எந்தத் தழும்பும் சும்மா இருப்பதில்லை. கதாசிரியர் ஒரு தழும்பைப் போட்டால் அதற்கொரு காரணத்தையும் வைத்திருப்பார். எந்த அத்தியாயத்தில் அதை அவிழ்ப்பது என்றும் முடிவு செய்திருப்பார். சொல்வதற்கு ஓர் ஆள் உயிரோடு இருப்பார். சொன்னதும் கேட்டவர் நம்பிவிடுவார். நாம் செய்ய வேண்டியதெல்லாம் பக்கத்தைப் புரட்டுவதுதான்.

நான் வாழும் வன்னியில் தழும்புகளுக்குக் குறைவில்லை. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சியும் அதே மாதம் 25 இல் முல்லைத்தீவு நகரமும் படையினர் வசமாயின. அந்த நாட்களில் சனங்கள் விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று கிழக்கே கிழக்கே ஒதுங்கி, கடைசியில் முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய மணல் திட்டில் போய் நின்றார்கள். மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அங்கிருந்து வெளியே வந்தவர்களில் உடம்பில் ஒரு கீறலாவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கையில் தெரியும். கடையில் மிச்சக்காசு தரும் விரல்களில் தெரியும். குளத்தில் குளிப்பவரின் முதுகில் தெரியும். வெளியே தெரியாதவையும் உண்டு. "பீஸ் இன்னும் உள்ளுக்குக் கிடக்குது சேர், மழை பெய்தால் சொல்லும்" என்பார்கள். செல் துண்டைத்தான் இங்கே 'பீஸ்' என்பது.

இவற்றுக்கெல்லாம் கதாசிரியர் யார்? எந்த அத்தியாயத்தில் அவிழும்? ஒன்றும் கிடையாது. ஆனாலும் நாம் கதைப் புத்தகத்தில் பழகிய பழக்கத்திலேயே மனிதர்களையும் வாசிக்கிறோம். இந்த மாதம் உங்களோடு பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

நம் தமிழிலே காயத்தை இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். முன்னது பெருமை, பின்னது அவமானம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் பெரிய பழுவேட்டரையர் நடந்து வரும்போதே அவர் உடம்பிலுள்ள அறுபத்து நான்கு விழுப்புண்களும் கூடவே வரும். விஜயாலய சோழனுக்குத் தொண்ணூற்றாறு என்று சொல்வார்கள். இன்னொரு பக்கம் சேரமான் பெருஞ்சேரலாதன். கரிகாலனோடு வெண்ணியில் பொருதபோது (நம் வன்னி அல்ல, சோழநாட்டு வெண்ணி!) மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகையும் துளைத்துவிட்டது என்பார்கள். முதுகில் புண் என்று பெயர் வந்துவிட்டதே என்று நாணி, வடக்கே முகம் வைத்து உண்ணாமல் இருந்து அந்த மன்னன் உயிர் விட்டான். புறநானூறு இதைப் பேசுகிறது.

அரபிகளிடமும் இதே கணக்கு இருந்தது. ஹிஜ்ரி 8 இல், அதாவது கி.பி. 629 இல், மூத்தா போர்க்களத்தில் ஷஹீதான ஜஃபர் (ரலி) அவர்களின் உடலில் ஐம்பது காயங்கள் எண்ணப்பட்டன என்று ஓர் அறிவிப்பும், தொண்ணூறுக்கு மேல் என்று இன்னோர் அறிவிப்பும் உண்டு. ஒன்றுகூட முதுகில் இல்லை என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறார்கள்.

வாளும் வேலும் எறிந்த காலத்துக்கு இந்தக் கணக்குச் சரியாக இருக்கலாம். செல்லுக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. மாத்தளனில் இரண்டு பிள்ளைகளை மார்போடு அணைத்துக்கொண்டு பங்கரை நோக்கி ஓடிய தாய்க்குக் காயம் எங்கே படும்? முதுகில்தான் படும்! பழைய கணக்கின்படி பார்த்தால் அது புறப்புண். அந்தக் கணக்கை அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் காட்ட எந்தப் புலவருக்கு நா எழும்?

முதுகுத் தழும்பு என்றதும் எனக்கு ஞாபகம் வருபவர் கப்பாப் (ரலி) அவர்கள். மக்காவில் அடிமையாக இருந்த கொல்லர். கொதிக்கும் நெருப்புக் கங்குகளின் மேல் அவரைக் கிடத்தினார்கள். முதுகுக் கொழுப்பு உருகித்தான் அந்த நெருப்பு அணைந்தது. பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள் பழைய வேதனைகளைப் பற்றிக் கேட்டபோது கப்பாப் பேசவில்லை, சட்டையை உயர்த்தி முதுகைக் காட்டினார். இப்படியொரு முதுகை நான் பார்த்ததே இல்லை என்றுதான் உமர் சொன்னார். சாட்சி எங்கே என்று கேட்கவில்லை.

தழும்பைப் பார்த்துவிட்டு ஆளைத் தீர்மானிக்கும் பழக்கத்துக்கு ஆதிக் கதை ஒன்று இருக்கிறது. கர்ணனின் கதை. 1964 இல் வந்த 'கர்ணன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. குரு பரசுராமர் கர்ணனின் மடியில் தலை வைத்துத் தூங்குகிறார். வண்டொன்று தொடையைத் துளைக்கிறது. அசைந்தால் குருவின் நித்திரை கலைந்துவிடும் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான். இரத்தத்தின் ஈரம் பட்டு விழித்த குரு என்ன செய்தார்? மருந்து போட்டாரா? இல்லை. இவ்வளவு வலியைப் பிராமணனால் தாங்க முடியாது, நீ க்ஷத்திரியன், பொய் சொல்லி என்னிடம் வித்தை கற்றாய் என்று சபித்துவிட்டார். அவனுடைய அன்புக்கு அடையாளமாக இருந்த காயமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது!

2009 இல் ஓமந்தையில் வரிசையில் நின்றவர்களுக்குப் பரசுராமரைத் தெரியும். காயம் இருக்கிறதா, அப்படியென்றால் நீ அவர்களில் ஒருவனா என்ற கேள்வி அதற்குப் பிறகும் பல வருடங்கள் இளைஞர்களைத் துரத்தியது. இது ஊர்க் கதையல்ல. திருப்பி அனுப்பப்படும் இலங்கைத் தமிழருக்கு எவற்றால் ஆபத்து வரலாம் என்று 2007 இல் லண்டனில் ஒரு குடிவரவுத் தீர்ப்பாயம் பன்னிரண்டு அம்சங்களைப் பட்டியலிட்டது. பழைய கைது, கையெழுத்திட்ட ஒப்புதல் வாக்குமூலம், அடையாள அட்டை இல்லாமை முதலியவற்றோடு ஒரு தனி அம்சமாக உடலில் தழும்பு இருப்பதும் அதிலே இடம்பெற்றது. மரத்தால் விழுந்தவனுக்கும் தழும்பு வரும், கொதிக்கும் கஞ்சி கொட்டுப்பட்டவனுக்கும் வரும். பார்க்கிறவர் மனதில் இருக்கிற கதை ஒன்றே ஒன்று என்றால் எல்லாத் தழும்பும் அந்தக் கதையைத்தான் சொல்லும்.

இதைச் சொல்லும்போது நம் சமூகத்தின் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மவர்கள் விரட்டப்பட்டதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடம்பில் தழும்பில்லாத காயம் அது. புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் இருந்து யுத்தத்துக்குப் பின் தண்ணீரூற்றுக்கும் முள்ளியவளைக்கும் திரும்பி வந்தவர்களில் சிலர், தேநீர்க்கடையில் எதிரே இருப்பவனின் துண்டான கையைப் பார்த்துவிட்டு மனதுக்குள் கணக்குப் போடுகிறார்கள். இவன் அந்த இயக்கத்தில் இருந்தவன்தானே? இவன் கையில் இருந்த துவக்குத்தானே எங்களை வெளியே போகச் சொன்னது? சகோதரரே, அந்தப் பையன் 2008 இல் பதினேழு வயதில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக் கொண்டுபோகப்பட்டவனாக இருக்கலாம். 1990 இல் அவன் பிறந்திருக்கவே இல்லை! கை போனது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்தாலும், இயக்கத்துக்குப் போனது எப்படி என்று தெரிய வேண்டும் அல்லவா? உங்கள் காயத்தின் கதையை அவனுடைய தழும்பில் வைத்து வாசிக்காதீர்கள்.

இனி ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். 2009 இல் அவனுக்கு ஒரு வயது இருக்கலாம். இடது காதடியில் தொடங்கி வாய்க்கடை வரை ஒரு தழும்பு. சிறு வயதில் பட்ட தழும்பு பிள்ளையோடு சேர்ந்து வளரும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவன் முகம் பெரிதாகப் பெரிதாக அதுவும் நீண்டது. அது எப்படி வந்தது? தாய்க்குத் தெரிந்திருக்கும். தாய் முள்ளிவாய்க்காலிலிருந்து வரவில்லை. தகப்பனும் வரவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மம்மா, யார் கேட்டாலும் "விழுந்தவன்" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். அதற்கு மேல் அவரிடம் கேட்கும் துணிவு எவருக்கும் வராது.

ஆகவே அவன் கதைகளைத் தானே செய்துகொண்டான். சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம், குளத்தில் முதலை பிடித்தது, நான் அதன் கண்ணில் குத்திவிட்டுத் தப்பி வந்தேன் என்பான். வேறு சிலரிடம் மோட்டார் சைக்கிள் விபத்து. ஒருமுறை காட்டு யானையும் வந்ததாகக் கேள்வி. கேட்டவர்கள் அவனைப் பொய்யன் என்றார்கள். 2008 இல் வந்த 'த டார்க் நைட்' என்ற ஆங்கிலப் படத்திலும் ஒரு வில்லன் தன் வாயோரத் தழும்புக்கு ஒருவரிடம் தகப்பன் வெட்டினான் என்பான், இன்னொருவரிடம் மனைவிக்காக நானே வெட்டிக்கொண்டேன் என்பான். படம் பார்க்கிறவர்கள் அதைக் குரூரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பையனிடம் குரூரம் எதுவும் இல்லை. ஒரு கேள்வி நாள்தோறும் வருகிறது. பதிலைத் தெரிந்தவர் எவரும் உயிரோடு இல்லை. அவன் வேறு என்னதான் செய்வான்?

ஒரு கலைவிழாவுக்கு நாடகம் பழக்கினார்கள். கொள்ளைக்காரன் பாத்திரத்துக்கு ஆள் தேடியபோது பொறுப்பான ஆசிரியர் இவனைக் கூப்பிட்டு, "உனக்கு மேக்கப் செலவு மிச்சம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த ஆசிரியர் பொல்லாதவர் அல்லர், பிள்ளைகளுக்காக உழைப்பவர். அவரும் 'ஸ்கார்' பார்த்து வளர்ந்தவர்தான், அவ்வளவுதான். பையன் அந்தப் பாத்திரத்தை நன்றாகவே நடித்தான். நாடகம் முடிந்து மற்றப் பிள்ளைகள் முகத்தைக் கழுவினார்கள். கழுவிவிட்டுப் பார்த்தால் கள்வனுடைய கூட்டாளிகளுக்கெல்லாம் பழைய முகம் வந்துவிட்டது.

கதை தெரிந்தவர்களின் நிலை என்ன? இலங்கைத் தமிழர் ஒருவர் 2011 இல் பிரித்தானியா சென்று தஞ்சம் கோரினார். வழக்கேட்டில் அவருக்குப் பெயர் இல்லை, இரண்டு எழுத்துக்கள்தான். கையிலும் முதுகிலும் சூட்டுத் தழும்புகள். தடுத்து வைத்திருந்தபோது காய்ச்சிய கம்பியால் கையில் சுட்டார்கள், வேதனையில் மயங்கிப் போனேன், அதன் பிறகு முதுகில் சுட்டார்கள் என்பது அவருடைய வாக்குமூலம். வைத்தியர் ஆராய்ந்தார். கைத் தழும்புகளின் ஓரம் மங்கலாக இருந்தது. முதுகுத் தழும்புகளின் ஓரம் கோடு கிழித்ததுபோல் தெளிவாக இருந்தது. உணர்வுள்ளவன் துடிப்பான், ஓரம் கலையும். மயங்கியவன் துடிக்க மாட்டான், ஓரம் கலையாது. அவர் சொன்ன கதையோடு தழும்பு ஒத்துப்போகிறது என்றது வைத்திய அறிக்கை.

தீர்ப்பாயம் அதை வேறு விதமாக வாசித்தது. முதுகில் சுடும்போது இவர் துடிக்கவில்லை என்றால், தஞ்சம் பெறுவதற்காக இவரே யாரையாவது கொண்டு, மயக்க மருந்து எடுத்துக்கொண்டு, சுடச் செய்திருக்கலாம் அல்லவா என்று ஐயப்பட்டது. அதாவது தழும்பு உண்மை, கதை மட்டும் கற்பனை! 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் அவருக்கு எதிராகவே முடிந்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாத்திரம் இணங்கவில்லை. கடைசியாக 2019 மார்ச் 6 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டு, வழக்கைப் புதிதாக விசாரிக்க உத்தரவிட்டது. தன்னைத்தானே இப்படிச் சுடுவித்துக்கொள்வது மிக மிக அரிதாகவே நடக்கும் என்பதைத் தீர்ப்பாயம் கவனத்தில் எடுத்திருக்க வேண்டும் என்றது.

சித்திரவதைக் காயங்களை ஆராய்வதற்கு 1999 இல் ஐக்கிய நாடுகளிடம் கையளிக்கப்பட்ட 'இஸ்தான்புல் நெறிமுறை' என்று ஒன்று உண்டு. சொல்லப்படும் காரணத்தோடு ஒரு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அதில் ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். 'பொருந்தவில்லை' என்பது முதற் படி. 'இதைத் தவிர வேறு எதனாலும் வந்திருக்க முடியாது' என்பது கடைசிப் படி. நீதிக்கு இப்படியான அளவுகோல் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் தன் முதுகை அளவுகோலின் கீழே வைத்துவிட்டு எட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கப்பாப் அவர்களின் முதுகுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

தன் தழும்பின் கதையை எப்போது, யாருக்குச் சொல்வது என்பதைத் தழும்புக்கு உரியவரே தீர்மானிக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். கிரேக்கரின் பழங்கதையிலும் இது இருக்கிறது. இருபது வருடத்துக்குப் பின் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பும் ஒடிசியஸின் கால்களை வயதான செவிலித்தாய் கழுவுகிறாள். முழங்காலுக்கு மேலே இருந்த தழும்பு கையில் தட்டுப்படுகிறது. இளமையில் காட்டுப் பன்றி கிழித்தது அது. அவளுக்கு ஆள் விளங்கிவிட்டது. உடனே அவன் அவளுடைய தொண்டையைப் பிடிக்கிறான்! பேசாதே என்கிறான். தன்னை வளர்த்தவளிடமே இப்படி நடந்தானா என்று வாசிக்கும்போது மனம் சுருங்குகிறது. ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கதை வெளியே போனால் அவன் உயிர் போய்விடும்.

நம் மண்ணிலும் தாங்களே வாய் திறந்தவர்கள் இருக்கிறார்கள். இயக்கத்தில் இருந்தபோது ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்த வெற்றிச்செல்வி, வவுனியா பம்பைமடு புனர்வாழ்வு முகாமில் கழிந்த நாட்களை ஒரு நூலாக எழுதினார். நூலின் பெயர் 'ஆறிப்போன காயங்களின் வலி'. சயந்தன் 2012 இல் வெளியிட்ட நாவலுக்கு 'ஆறாவடு' என்று பெயர். ஒருவர் ஆறிப்போனது என்கிறார், மற்றவர் ஆறாதது என்கிறார். இரண்டு பேரும் தாங்களாக எழுதினார்கள், எவரும் படிவம் நீட்டிக் கேட்கவில்லை.

படிவம் நீட்டிக் கேட்டவர்களுக்கும் இங்கே பஞ்சம் இருக்கவில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை அங்கே கேட்டார்கள். 2010 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு கேட்டது. 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் ஆணைக்குழு கேட்டது. பிறகு காணாமற்போனோர் அலுவலகம் கேட்டது. சக்கர நாற்காலி கொடுக்க வந்தவர்களும், தையல் இயந்திரம் கொடுக்க வந்தவர்களும் முதலில் கதையைக் கேட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே கதையைப் பத்துத் தடவை சொன்ன தாய், பதினோராவது தடவை கண்ணீர் வராமல் சொன்னால், இவள் பாடமாக்கி வைத்திருக்கிறாள் என்று ஐயப்படுகிறவர்களும் உண்டு. கேட்பதற்கு நியாயமுள்ளவர் வைத்தியர். உடம்பில் உலோகத் துண்டு இருப்பதை அறியாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஆளை அனுப்பினால் ஆபத்து. ஆகவே அவர் கேட்டே ஆக வேண்டும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருக்கும் எனக்கும் உங்களுக்கும் அப்படி என்ன நிர்ப்பந்தம்? கல்யாணம் பேச வந்த வீட்டில், பெண்ணின் கைத் தழும்பைப் பார்த்துவிட்டு அவளுக்கு முன்னாலேயே "இது என்ன?" என்று கேட்கும் மாமிமாருக்கு என்ன நிர்ப்பந்தம்?

அரபுக் கதைகளில் இதை விட்டுத் தள்ளிச் செல்ல முடியாத கதை ஒன்று உண்டு. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் பக்தாத் நகரத்து மூன்று பெண்களின் கதை. (பெரியவர்களுக்குரிய பகுதிகள் அதில் உண்டு. பிள்ளைகளுக்குச் சுருக்கித்தான் சொல்ல வேண்டும்.) அந்த வீட்டுக் கதவில், உனக்குச் சம்பந்தமில்லாததைப் பேசாதே என்று எழுதியிருக்கும். அதை ஒப்புக்கொண்டால்தான் உள்ளே இடம். ஒருநாள் இரவு அங்கே சாமான் சுமந்து வந்த ஒரு கூலியாளும், இடது கண் இல்லாத மூன்று ஃபக்கீர்களும், வியாபாரி வேடத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதும் அவருடைய ஆட்களும் கூடுகிறார்கள். பாட்டின் இடையில் அந்தப் பெண்களில் ஒருத்தி துயரம் தாங்காமல் ஆடையைக் கிழித்துக்கொள்ள, அவள் உடம்பெல்லாம் அடித்த தழும்புகள் தெரிகின்றன.

கலீஃபாவுக்குப் பொறுக்கவில்லை. அறிந்தே ஆக வேண்டும் என்கிறார். அமைச்சர் தடுத்தும் கேட்கவில்லை. கூலியாளைக் கொண்டு கேட்கச் செய்கிறார்கள். வீட்டுத் தலைவி மூன்று முறை நிலத்தில் தட்ட, வாளேந்திய ஏழு அடிமைகள் வந்து எல்லோரையும் கட்டிவிடுகிறார்கள். இப்போது கேள்வி திரும்புகிறது. உங்கள் கதைகளைச் சொல்லுங்கள், பிறகு போகலாம் என்கிறாள் அவள். ஃபக்கீர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் கண் இழந்ததைச் சொல்கிறார்கள். மூன்றாமவன் கதையைக் கேளுங்கள். அவன் ஓர் அரசன். வழியில் ஒரு மாளிகையில் ஒற்றைக் கண்ணோடு பத்து இளைஞர்களைக் கண்டான். உங்கள் கண்களுக்கு என்ன ஆனது என்று விடாமல் நச்சரித்தான். கேட்காதே, கேட்டால் உன் கண்ணும் போகும் என்று அவர்கள் மன்றாடியும் விடவில்லை. அவர்கள் காட்டிய வழியில் போனான். திறக்கக் கூடாத கதவைத் திறந்தான். அங்கிருந்த பறக்கும் குதிரையின் வால் வீசி அவன் கண்ணும் போயிற்று.

அடுத்த நாள் கலீஃபா தம் சிம்மாசனத்தில் இருந்தபடி அந்தப் பெண்களை அழைப்பித்தார். இப்போது கதவிலுள்ள எழுத்து செல்லாது, அதிகாரம் கேட்கிறது. அந்தத் தழும்புக்காரி சொன்னாள். ஒரு வியாபாரி செய்த அத்துமீறலுக்கு அவள்மீது பழி வந்தது. கணவன் கொல்லச் சொன்னான். வயதான செவிலித்தாய் காலில் விழுந்து கெஞ்சியதால் உயிரை விட்டு, இத்தழும்புகள் விழும் வரை அடித்துத் துரத்தினான். யார் அந்தக் கணவன் என்று விசாரித்தால், அவன் கலீஃபாவின் சொந்த மகன் அமீன்! ஊர் உலகத்துத் தழும்புக்கெல்லாம் காரணம் தேடிய அரசருக்கு, அந்தத் தழும்பைப் போட்ட கை தம் வீட்டிலேயே இருந்தது தெரியாமல் போயிற்று.

அந்த இரவைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கட்டுண்டவர்களில் முதலில் கதை சொல்லும்படி பணிக்கப்பட்டவன் கூலியாள். அவனிடம் கண் இழந்த கதையும் இல்லை, தழும்பின் கதையும் இல்லை. கடைத்தெருவில் என்னைக் கூப்பிட்டீர்கள், கூடையைச் சுமந்து வந்தேன், இவ்வளவுதான் என் கதை என்றான். சரி, உன் தலை தப்பியது, நீ போகலாம் என்றார்கள். வாசல் திறந்திருந்தது, வெளியே பக்தாத் தெரு. அவன் போகவில்லை. இவர்களுடைய கதைகளைக் கேட்காமல் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தான்.